பத்மா பார்த்துவந்து சொன்ன பறவைகள்

இடது கால் செருப்பு சேற்றில் கழன்றுகொண்டது எனக்குத் தெரியவில்லை. ஏரியின் ஓரத்திலிருந்து வண்டி நிறுத்தியிருந்த இடம்வரை ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்தான் கூப்பிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, ஒத்தச் செருப்போட போறியே, முள்ளு கீது பாரு."

குனிந்து பார்த்தேன். உள்ளங்காலில் ஒரு வேலிகாத்தான் முள் ஆழமாக ஏறியிருந்தது. பிடுங்கினேன். ரத்தம் வந்தது. வலி வரவில்லை.

மாசி மாதம் தொடங்கியிருந்தது. திருத்தணியில் நான் ஒரு சிறிய போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். மலைமேல் முருகன் கோயிலிலும் அடிவாரத்து மண்டபங்களிலும் நடக்கும் கல்யாணங்களைப் படமெடுப்பது தொழில். முகூர்த்தம் இல்லாத நாட்களில் பள்ளிப்பட்டு சாலையில் இருக்கும் ஓர் ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படமெடுப்பேன். பத்து ஆண்டுகளாக அந்தப் பழக்கம். அன்றும் வலசை வந்திருந்த வாத்துகளைத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. விரல்கள் இருந்தன, பிடிப்பு இல்லை. அதற்கடுத்த நாள் மலைமேல் ஒரு கல்யாணம். வேனிலிருந்து இறங்கும்போது முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். தாலி கட்டும் நேரத்தில் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. அந்தப் படத்தை என் மனைவி பத்மாதான் எடுத்தாள். எடுத்து முடித்ததும் மணமக்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பாவா, கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

பத்மா எனக்கு அத்தை மகள். ஊர் ஆந்திர எல்லையில் இருக்கும் நகரி, அங்கே அத்தானைப் பாவா என்பார்கள். சிறுவயது முதல் ஒன்றாக விளையாடியதால் கல்யாணத்துக்குப் பிறகும் பாவா என்றும் நீ என்றும்தான் கூப்பிடுவாள். ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைப்பது அவள் வேலை. நாளெல்லாம் கணினித் திரையில் முகங்களைத் திருத்திக்கொண்டிருப்பாள். பறவைகளில் அவளுக்கு ஆர்வமே கிடையாது. "காக்கா, குருவி, கொக்கு. இதுக்கு மேல எனக்கு வேணாம்" என்பாள்.

அரசு மருத்துவமனையில் அன்று பணியிலிருந்தவர் இளம் மருத்துவர். ஒரு சிறிய ரப்பர் சுத்தியலால் என் முட்டிக்குக் கீழே தட்டினார். கால் துள்ளவில்லை. இன்னொரு காலிலும் தட்டினார். முழங்கையில் தட்டினார். எதுவும் அசையவில்லை.

"சமீபத்துல காய்ச்சல், வயித்துப்போக்கு ஏதாவது வந்துதா?"

"ரெண்டு வாரம் முன்னாடி வயித்துப்போக்கு இருந்துது மேடம். மூணு நாள்ல சரியாயிடுச்சி."

அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. நேரே எழுந்து போய்ச் சென்னைக்கு ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். அசதி என்று சொல்லி ஒரு சத்து ஊசி போட்டு அவர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அவரை நினைக்காமல் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை.

நோயின் பெயர் கில்லன்-பாரே (கிருமியைத் தாக்க வேண்டிய உடலின் எதிர்ப்பாற்றல், வழி தவறி நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோய்). காலில் தொடங்கும். மேலே ஏறும். எதுவரை ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பலருக்கு இடுப்போடு நின்றுவிடும். சிலருக்கு மூச்சுத் தசைவரை போகும்.

சென்னையில் பெரிய மருத்துவமனையில் முதுகில் ஊசி குத்தித் தண்டுநீர் எடுத்தார்கள் (முதுகெலும்புக்குள் நரம்புகளைச் சுற்றியிருக்கும் நீர்). கையிலும் காலிலும் சிறு மின்னதிர்ச்சி கொடுத்து நரம்பின் வேகத்தை அளந்தார்கள். பிறகு இம்யூனோகுளோபுலின் (பலருடைய குருதியிலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாட்கள் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முகம் தெரியாத யார் யாரோ கொடுத்த ரத்தம்.

எல்லாச் சோதனைகளையும்விட எனக்குப் பயமாக இருந்தது ஓர் எளிய சோதனை. மருத்துவர் வந்து நிற்பார். "ஆழமா மூச்சு இழுத்து, ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க" என்பார். மூச்சுத் தசை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். முதல் நாள் இருபத்தெட்டுவரை எண்ணினேன். மறுநாள் காலை பதினேழு. மாலையில் ஒன்பதில் நின்றுவிட்டது. பத்து என்று வாயைத் திறந்தேன், காற்று இல்லை. பத்மா கட்டிலின் கால்மாட்டில் நின்று தன் விரல்களில் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது விரலோடு அவள் கையும் நின்றது.

அன்றே தொண்டைக்குள் குழாய் இறக்கி என்னைச் செயற்கை மூச்சுக் கருவியில் சேர்த்தார்கள்.

இதே நோயோடு படுத்திருக்கும் ஒருவரின் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்கு எல்லாம் கேட்கும். எல்லாம் தெரியும். பேச்சு இருக்காது, அசைவு இருக்காது, முகத்தில் சிரிப்போ அழுகையோ வராது. எனக்கு இமைகள்கூடப் பாதிதான் அசைந்தன, முழுதாக மூடவில்லை, இரவில் களிம்பு தடவி ஒட்டுப் பட்டை போட்டார்கள். ஆனால் உள்ளே நான் முழுதாக இருந்தேன். ஆகவே பேசுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பத்மாவை ஒரு நாளைக்கு இரண்டு முறை, சில நிமிடங்கள் விடுவார்கள். முதல் இரண்டு நாட்கள் ஆறுதல் சொன்னாள். மூன்றாம் நாள் ஆறுதல் தீர்ந்துபோனது. ஸ்டுடியோ பற்றிச் சொன்னாள். அதுவும் தீர்ந்தது. நான்காம் நாள் உள்ளே வந்தவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"பாவா, வெளிய வராண்டா மேல ஒரு குருவி கீது. அது இன்னா குருவி? நாளு பூரா பறந்துகினே கீது. கத்திகினே போவுது, கத்திகினே வருது."

என்னால் பதில் சொல்ல முடியாது. ஆம் என்றால் ஒருமுறை, இல்லை என்றால் இருமுறை இமைக்க வேண்டும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். ஒருமுறை இமைத்தேன். மேலே சொல் என்று அர்த்தம். அவள் புரிந்துகொண்டாள்.

"கருப்பா கீது. இடுப்புகிட்ட மட்டும் வெள்ளை. ரெக்கை அரிவாள் மாதிரி வளைஞ்சிகினு கீது. கம்பியில உக்காரும்னு பாத்தேன், உக்காரவே மாட்டேங்குது. சுவத்துல அப்டியே ஒட்டிக்கிது. அதுக்குக் கால் இருக்குதா இல்லியான்னே தெரியல."

நாட்டு உழவாரன். நான் பல ஆண்டுகளாகப் பார்த்த பறவை. அதன் கால்கள் மிகச் சிறியவை. தரையில் நடக்கவோ கம்பியில் உட்காரவோ உதவாது, சுவரைப் பற்றித் தொங்க மட்டும்தான் உதவும். பெயர் கூடத் தெரியாமல் அவள் அதன் மிக முக்கியமான இயல்பைப் பார்த்துவிட்டாள். அந்தக் குழாய்க்குப் பின்னால், அசையாத முகத்துக்குப் பின்னால், நான் வியந்துபோய்ப் படுத்திருந்தேன். நோய் வந்தபிறகு பயமில்லாமல் கழிந்த முதல் சில நிமிடங்கள் அவை.

அதன்பிறகு தினமும் உழவாரன் செய்தி வந்தது. வாயில் இறகு கொண்டுவந்தது. எச்சிலால் ஒட்டுகிறது போலிருக்கிறது. ஒரே கூட்டுக்குள் மூன்று போனது, இரண்டுதான் வெளியே வந்தது. வராண்டாவில் காத்திருந்த மற்ற நோயாளிகளின் வீட்டார் அவளோடு சேர்ந்து மேலே பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்குப் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவியும் அவர்களில் ஒருவர். அந்தப் படுக்கை ஒருநாள் காலியாக இருந்தது. பத்மா அன்று உழவாரன் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் இமைக்கவில்லை.

பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். குரல் வர மேலும் இரண்டு நாள் ஆனது. "உழவாரன்" என்றேன். பத்மாவுக்குப் புரியவில்லை. "இன்னா பாவா? தண்ணியா?" என்றாள். மறுபடி சொன்னேன். மேலே கையைக் காட்ட முடியாமல் கண்ணால் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அத்த சொல்றதுக்கா இத்தினி நாளு காத்துகினு இருந்தே?" என்றாள்.

பங்குனியில் வீட்டுக்கு வந்தேன். தலையையும் வலக்கை மணிக்கட்டையும் அசைக்க முடிந்தது. மற்றதெல்லாம் மூட்டையாகக் கிடந்தது. பத்மாவும் என் தம்பி சேகரும் சேர்ந்து என்னைத் திருப்பிப் போடுவார்கள். காலை நேரத்தில் சேகர் என் பக்கத்தில் இருந்துவிட்டு, எட்டு மணிக்குக் கனகம்மாசத்திரத்தில் உள்ள தன் டயர் கடைக்குப் போவான்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர்காலத்துக்கு வரும் நீலச்சிறகி வாத்துகளில் கடைசிக் கூட்டம் எங்கள் ஏரியை விட்டுப் போகும் நாளை ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். பத்து ஆண்டுகள் தவறாமல் குறித்திருக்கிறேன். அந்த ஆண்டு குறிக்க ஆளில்லை. படுத்தபடி அதை ஒருமுறை சொல்லிப் புலம்பினேன். குறையாகச் சொன்னேனே தவிர, போய்ப் பார்த்து வா என்று கேட்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குப் பத்மா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஏழரைக்குத் திரும்பினாள்.

"வாத்து கீது பாவா."

"எத்தினி?"

"அத்த எண்ணணுமா?"

அடுத்த நாள் எண்ணினாள். நாற்பத்தொன்று. அடுத்த நாள் முப்பத்தெட்டு. பிறகு பத்தொன்பது. ஆறாவதோ ஏழாவதோ நாள் வண்டிச் சாவியைக்கூடக் கீழே வைக்காமல் நேரே என் கட்டிலுக்கு வந்தாள்.

"இன்னிக்கி ஒண்ணு கூட இல்ல. தண்ணி மட்டும் கீது. குடியிருந்தவங்க வீட்ட காலி பண்ணிகினு போன மாதிரி கீது பாவா."

நோட்டை எடுத்துத் தன் கையெழுத்தில் தேதியைக் குறித்தாள்.

பயிற்சி தர வாரத்தில் ஐந்து நாள் ஷகிலா வருவார். பிசியோதெரபிஸ்ட் (தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் மீண்டும் இயக்கம் பழக்குபவர்). பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். கண்டிப்பானவர். என் விரல் ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுப்பி, "இத நீங்க செய்யணும் சார், நான் செய்யக்கூடாது" என்பார். எப்போது சரியாகும் என்று நான் கேட்டபோது அவர் இனிப்பாக எதுவும் சொல்லவில்லை.

"நரம்பு ஒரு நாளைக்கி ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம் சார். உங்க முதுகுலேருந்து கால் கட்டைவிரல் எவ்ளோ தூரம்னு நீங்களே பாத்துக்குங்க."

சித்திரையும் வைகாசியும் மோசமான மாதங்கள். எங்கள் ஊர் வெயில் பாறையில் பட்டுத் திரும்பும் வெயில். ஏரி சுருங்கி, மதகுக்கு அருகே அல்லிக் கொடிகள் கிடக்கும் ஒரு திட்டு மட்டும் மிஞ்சியது. என் உடம்பும் நின்ற இடத்திலேயே நின்றது. உட்கார முடிந்தது, ஸ்பூனைப் பிடிக்க முடிந்தது, அதற்குமேல் ஆறு வாரம் எந்த மாற்றமும் இல்லை. ஒருநாள் கேமராவைக் கொண்டுவரச் சொன்னேன். பத்மா லென்ஸ் இல்லாமல் வெறும் கேமராவை என் மடியில் வைத்தாள். ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினேன். அது அசையவில்லை. வெறும் ஒரு பொத்தான். குழந்தைகூட அழுத்தும்.

அன்று பத்மா ஏரியில் பார்த்த மீன்கொத்தியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் கத்தினேன்.

"இனிமே பறவை பத்தி எங்கிட்ட எதுவும் சொல்லாத."

"சரி பாவா" என்றாள். கேமராவை எடுத்து உள்ளே வைத்தாள்.

அவள் சொன்னபடியே செய்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டி கிளம்பும் சத்தம் மட்டும் தினமும் கேட்டது. கோயிலுக்குப் போகிறாள், எனக்காக ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து, எனக்கு டீ புகட்ட அவள் குனிந்தபோது புடவைக் கரையில் சேறு காய்ந்திருந்ததைப் பார்த்தேன்.

"காலையில எங்க போற?"

"ஏரிக்கி."

"நான்தான் சொல்ல வேணாம்னேனே?"

"சொல்லதான வேணாம்னே? பாக்க வேணாம்னு சொல்லலியே."

டம்ளரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. அவள் எனக்காகப் போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்காகத் தொடங்கியிருக்கலாம். எந்த நாளிலோ அது அவளுடையதாகிவிட்டது. இத்தனை மாதமாக எனக்குப் புகட்டவும் துடைக்கவும் திருப்பிப் போடவும் செய்தவளுக்கு அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும்தான் சொந்தமாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

"இப்ப அங்க இன்னா கீது?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். மறுபடி கத்துவேனா என்று அளந்துபார்த்திருக்க வேண்டும். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அல்லி இலை மேல நடக்குது பாவா ஒண்ணு. வெரலு எத்தினி நீளம்! வாலு கருப்பா வளைஞ்சி, கழுத்துக்குப் பின்னால தங்கம் பூசுன மாதிரி."

நீளவால் இலைக்கோழி. நான் மிகவும் பெருமைப்படும் படங்களில் சில அந்தப் பறவையினுடையவை. காலைச் சாய்வெயிலில், வாலின் வளைவு முழுதாகத் தெரியும்படி எடுத்தவை. இலைக்கோழியைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

"அதுல பொம்பள முட்டை வெச்சிட்டுப் போயிடும், ஆம்பளதான் அடைகாக்கும்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நாலு ஆம்பள கீது. மூணு கூடு. ஒருத்தனுக்குக் கழுத்துல மஞ்சள் கம்மி, அவன்தான் ரொம்ப உஷாரு. இன்னொருத்தன் சோம்பேறி, கூட்ட விட்டுட்டு மேயப் போயிடறான்."

பத்து ஆண்டுகளில் ஓர் இலைக்கோழியை இன்னோர் இலைக்கோழியிடமிருந்து நான் பிரித்தறிந்ததில்லை. எனக்கு எல்லாம் ஒரே பறவை, நல்ல வெளிச்சத்தில் ஒன்று, மோசமான வெளிச்சத்தில் ஒன்று. நாளெல்லாம் முகங்களைப் பார்த்துப் பழகிய அவள் கண் அங்கேயும் முகங்களைக் கண்டுபிடித்திருந்தது.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் எங்கள் தெரு வழியாகப் போனபோது நான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த வாரம் ஷகிலா என்னை வாக்கரில் (நான்கு கால் உள்ள நடைச் சட்டம்) எழுப்பி நிறுத்தினார். அவர் இடுப்புப் பட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்ள, இரண்டு அடி, மூன்று அடி வைத்தேன். உள்ளங்கால் தரையை உணரவில்லை. குனிந்து காலைப் பார்த்துத்தான் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "கீழ பாக்காதீங்க, எதிர பாருங்க" என்பார். பிடிக்காமல் விட்டால் விழுந்துவிடுவேன் என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஆவணியில் ஒரு மாலை பெருமழை. விடிந்தும் தூறிக்கொண்டிருந்தது. பத்மா வழக்கம்போல ஆறு மணிக்குக் கிளம்பினாள். சேகர் எட்டு மணிக்குக் கடைக்குப் போனான். அதற்குள் அவள் வந்துவிடுவாள். அன்று வரவில்லை, இதோ வந்துவிடுவாள் என்று சொல்லிச் சேகரை நான்தான் அனுப்பிவைத்தேன்.

எட்டரை ஆனது. ஒன்பது ஆனது. போன் மேசைமேல் இருந்தது, நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே மூன்று அடி. அந்தக் கரையில் மழைக்குப் பின் களிமண் எப்படி வழுக்கும் என்று எனக்குத் தெரியும். மதகுக்கு அருகே ஆழம் எவ்வளவு என்றும் தெரியும். அவளுக்கு நீச்சல் தெரியாது.

வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மேசைவரை போய்ப் போனை எடுத்து அவளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன். வாக்கரைத் தள்ளி, ஒரு கால், மறுகால். மறுபடி வாக்கர். தரையைப் பார்க்கவில்லை. வாசலை மட்டும் பார்த்தேன். ஏறக்குறைய அரைமணி நேரத்தில் வாசற்படியை அடைந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டபோது சட்டை முழுதும் வியர்வையில் நனைந்திருந்தது. கால்கள் தடதடவென்று ஆடின.

அப்போதுதான் ஸ்கூட்டி வந்தது. முழங்கால்வரை சேறு. தலை நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

"பாவா, தண்ணி ஏறிடுச்சி! கூடு முழுவுது! அந்த மஞ்சள் கம்மியானவன் இன்னா பண்ணான் தெரியுமா? முட்டைய மோவாக்கட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல இடுக்கிகினு, பின்னாலயே நடந்து போறான்! இலை மேல இழுத்துகினு போயி, பக்கத்து மேட்டுல வெச்சிட்டு, மறுபடி வந்து இன்னொண்ணு! நாலு முட்டை பாவா! மூணாவது தண்ணில உருண்டுடுச்சி, வுடலியே அவன், தள்ளிகினே போயி ஏத்திட்டான்! போன்ல எடுத்துகினு இருந்தேன், நீ கூப்ட்டே, எடுத்தா வீடியோ கட்டாயிடும்னு..."

அங்கே நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். என் கால்களைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

"சேகர் எங்க?"

"கடைக்குப் போயிட்டான்."

"அப்ப நீ எப்டி இங்க வந்தே?"

"நடந்து வந்தேன்."

அவள் சேற்றுக் காலோடு படியேறி வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் விழாமல் பிடித்தாளா, தான் விழாமல் பிடித்தாளா தெரியவில்லை. இருவரும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். அங்கேயே அந்த வீடியோவைப் பார்த்தோம். படம் ஆடியது. லென்ஸில் தூறல் விழுந்திருந்தது. பறவை மிகச் சிறியதாகத் தெரிந்தது. என் பத்து ஆண்டுப் படங்களில் ஒன்றும் அதற்கு ஈடாகாது. பத்தரைக்கு ஷகிலா வந்தபோது எங்களை அப்படித்தான் பார்த்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, "யாரைக் கேட்டு எழுந்தீங்க?" என்று முதலில் திட்டினார். பிறகு அவரும் வீடியோவைப் பார்த்தார். இரண்டு முறை.

அந்த நான்கு முட்டைகளில் மூன்று குஞ்சு பொரித்ததாகப் பத்மா பிறகு சொன்னாள்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். என்னைவிட வேகமாக எழுந்தவர்களும் உண்டு, எழாதவர்களும் உண்டு. பார்த்துக்கொள்பவர்களிடம் ஒன்று சொல்லலாம். நோயாளியின் அறைக்கு வெளியே உங்களுக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், அது எவ்வளவு சின்னதானாலும். அதன் நன்மை உள்ளேயும் வந்து சேரும்.

ஐப்பசியில் கைத்தடிக்கு மாறினேன். கார்த்திகையில் வாத்துகள் திரும்பி வந்தன. இப்போது கல்யாணங்களுக்கு நான் ஒற்றைக்கால் தாங்கியில் கேமராவை வைத்து எடுக்கிறேன். பெரிய லென்ஸ் பத்மாவிடம் போய்விட்டது. நான் அவளுக்கு வெளிச்சம் பற்றிச் சொல்கிறேன். அவள் எனக்குப் பறவைகளைப் பற்றிச் சொல்கிறாள்.

போன தை மாதம் ஒரு காலை இருவரும் ஏரிக்குப் போயிருந்தோம். அவள் கேமராவோடு மறுகரைக்குப் போய்விட்டாள். நான் நீர் வடிந்த ஓரமாக மெல்ல நடந்துகொண்டிருந்தேன். இடது பாதத்தின் நுனி இன்னும் சரியாகத் தூக்காது. ஒரு கோரைத் தூரில் இடறி முன்பக்கமாக விழுந்தேன். ஈரமண், அடி எதுவும் இல்லை. தடி எட்டாத தூரத்தில் போய் விழுந்தது. சமதரையிலிருந்து பிடிமானம் இல்லாமல் என்னால் எழ முடியாது. கூப்பிட்டாலும் மறுகரைக்குக் கேட்காது.

முதலில் பயந்தேன். அசையாமல் கிடந்ததை நெஞ்சு மறக்கவில்லை. மூச்சு சிறுத்தது. ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டியது. அப்படியே தாடையை முன்கையில் வைத்துப் படுத்துக்கொண்டேன்.

சிறிது நேரத்தில் பட்டாணி உப்புக்கொத்திகள் வந்தன. மண்ணிறத்தில், கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையத்தோடு இருக்கும் சின்னஞ்சிறு பறவைகள். நின்றிருக்கும் மனிதனை அவை இருபது அடிக்குள் விடாது. கிடக்கும் மனிதனை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. ஓடும், சட்டென நிற்கும், மறுபடி ஓடும். ஒன்று என் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. ஒற்றைக் காலை முன்னால் நீட்டி, சேற்றின் மேல் படபடவென்று நடுங்கவிட்டது. அடியில் புழு எதுவோ அசைந்தது. கொத்தி விழுங்கியது. இன்னோர் இடத்துக்குப் போய் மறுபடி காலை நடுங்கவிட்டது. இத்தனை ஆண்டுகள் மேலிருந்து படமெடுத்த பறவை. அதன் கண்மட்டத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

என் உள்ளங்கால்களில் இன்றும் உணர்ச்சி பாதிதான். ஆனால் அன்று நெஞ்சில், முழங்கையில், தொடையில், மண்ணின் குளிர்ச்சி தனித்தனியே தெரிந்தது. எது எவ்வளவு உணர்கிறது என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுப் பார்த்தேன். நோய்க்கு முன் என் உடம்பிடம் நான் எதுவும் கேட்டதில்லை.

பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது.

"பாவா! விழுந்துட்டியா?"

"ஆங்."

"எத்தினி நேரமா இப்டி கீறே?"

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. பத்து நிமிடமாகவும் இருக்கலாம், ஒரு மணி நேரமாகவும் இருக்கலாம்.

"தூக்கட்டுமா?"

"கொஞ்சம் இரு" என்றேன். "சத்தம் போடாம படு."

அவள் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு என் பக்கத்தில், ஈரமண்ணில், குப்புறப் படுத்தாள். சற்றுத் தள்ளிப் பறந்துபோயிருந்த பறவைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.